ஸ்மார்ட் போர்டு வரட்டும், டீச்சர் போஸ்டிங் எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏஐ வந்துடுச்சி, இனிமே பாடம் நடத்த டீச்சரே வேணாம்னு ஒரு பேச்சு இப்ப எல்லா பக்கமும் ஓடிட்டு இருக்கு, பஸ்ல பேசறாங்க, கல்யாண வீட்டு பந்தில பேசறாங்க. 2024-ல திருவனந்தபுரத்துல ஒரு ஸ்கூல்ல ரோபோவுக்கு சேலை கட்டிவிட்டு ஐரிஸ்னு பேர் வச்சி டீச்சர்னு நிறுத்தினாங்க இல்லையா, அந்த வீடியோ எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தப்போ ஒருத்தர் கீழ போட்டிருந்தாரு, இதுக்கு சம்பளம் வேணாம், பென்ஷன் வேணாம், ஸ்ட்ரைக்கும் பண்ணாதுன்னு. நெறைய பேர் அதுக்கு கை தட்டற பொம்ம போட்டிருந்தாங்க. எனக்கு ரொம்ப வருத்தமா போச்சிங்க. எவ்ளோ மிச்சம் ஆகும்னு அத்தன பேர் கணக்கு பாத்தாங்க, புள்ளைங்களுக்கு என்ன கெடைக்கும்னு ஒருத்தர் கூட கேக்கல. அதான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், முழுசா போட எடம் இருந்தா போடுங்க.

நான் பி.எஸ்சி. மேத்ஸ். அரசாங்கத்தோட இல்லம் தேடிக் கல்வி திட்டம் ஆரம்பிச்சப்போ எங்க தெருவுல தன்னார்வலரா சேந்தேன், மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகை, சாயங்காலம் ஒண்ணு ஒன்றரை மணி நேரம், எங்க வீட்டு வராண்டாவுலயே பாய் போட்டு உக்கார வச்சி சொல்லிக்குடுப்பேன். அதனால நான் பாத்தத வச்சிதான் பேசறேன்.

மூணாவது படிக்கிற ஒரு பையன். அவங்க அப்பா போன்ல கணக்கு ஆப் போட்டு குடுத்திருந்தாரு, அவனும் தெனம் போடுவான், சோம்பேறி கிடையாது. ஆனா 52-ல 17 போனா எவ்ளோன்னா 45-ன்னு போடுவான். 81-ல 36 போனா 55-ம்பான். ஆப்ல செவப்பு விழும், சரியான விடைய காட்டும், அடுத்த கணக்கு வந்துடும், இவனும் அடுத்ததுக்கு போயிடுவான், திரும்ப அதே மாதிரிதான் போடுவான். நான் நோட்ட வாங்கி பாத்துட்டு, வாய்விட்டு சொல்லிக்கிட்டே போடு தம்பின்னேன். "ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சி, அஞ்சில ஒண்ணு போனா நாலு"ன்னு அவ்ளோ தைரியமா சொல்றான். பெருசுல இருந்துதான் சின்னத கழிக்கணும்னு எப்பவோ யாரோ சொன்னத புள்ள அப்படியே புடிச்சிக்கிட்டான், கடன் வாங்கி கழிக்கறதுன்னா என்னன்னு அவனுக்கு வெளங்கவே இல்ல. வெளக்கமாத்து குச்சிய ஒடச்சி பத்து பத்தா ரப்பர் பேண்டு போட்டு, அஞ்சி கட்டு, உதிரி ரெண்டு, அவன் கைல குடுத்து இதுல இருந்து எனக்கு 17 எடுத்து குடுன்னேன். ஒரு கட்ட குடுத்தான், உதிரி ரெண்டையும் குடுத்தான், அப்புறம் என் மூஞ்சிய பாத்தான். நான் ஒண்ணுமே சொல்லல. சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி, ஆனா அவன் கண்ணு அந்த கட்டுங்க மேலயே இருந்துச்சி, சரி விடுவோம்னு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சி அவனே ஒரு கட்டோட ரப்பர் பேண்ட கழட்டினான். அதுக்கப்புறம் அந்த தப்பு அவனுக்கு வரல.

நல்ல சாஃப்ட்வேரா இருந்தா இந்த மாதிரி தப்பையும் கண்டுபுடிச்சி வேற விதமா சொல்லிக்குடுக்கும்னு சொல்லுவாங்க, ஒத்துக்கறேன், கண்டுபுடிக்கட்டும். ஆனா இந்த எடத்துல வாய மூடிக்கிட்டு இருக்கணும், இதோ இவனுக்கு வந்துட்டு இருக்குன்னு எப்படி தெரியும்? அந்த மூஞ்சிய பாத்தாதான் தெரியும், அந்த புள்ளைய நேத்தும் முந்தா நாளும் பாத்திருந்தாதான் தெரியும்.

மெஷின் மட்டும் வச்சி பாடம் நடத்தினா என்ன ஆகும்னு நம்ம ஊர்ல யாரும் புதுசா கண்டுபுடிக்க வேண்டிய அவசியமே இல்ல, ஏற்கனவே பாத்துட்டோம். 2020 மார்ச்ல மூடின பள்ளிக்கூடத்த ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தாங்க. நடுவுல கல்வி டிவில பாடம் ஓடுச்சி, நல்லாதான் எடுத்தாங்க, நானே உக்காந்து பாத்திருக்கேன், அந்த டீச்சர்ங்க உழைப்ப குறை சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்பினாங்க. ஆனா வீட்ல இருக்கறது ஒரே போன், அத அப்பா வேலைக்கு எடுத்துட்டு போயிடுவாரு, ராத்திரி அவர் வர்றப்போ டேட்டா தீந்திருக்கும், இல்லன்னா புள்ள தூங்கியிருக்கும். சரி போன் இருந்த வீட்ல மட்டும் என்ன நடந்துச்சி? பாடம் ஓடிட்டு இருக்கும், புள்ள ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருக்கும், டிவிக்கு அது தெரியுமா?

அதுக்கப்புறம் பொருளாதார ஆராய்ச்சியாளருங்க கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் இவங்கல்லாம் சேந்து தமிழ்நாட்டு கிராமங்கள்ல ஏறக்குறைய 19,000 புள்ளைங்கள வீடு வீடா போய் சோதிச்சி பாத்தாங்க. கொரோனாவுக்கு முன்னாடி அதே வயசு புள்ளைங்களுக்கு இருந்தத விட கணக்குலயும் தமிழ்லயும் ரொம்ப பின்தங்கி இருந்துச்சிங்க, கணக்குலதான் அடி ஜாஸ்தி. ஆனா அவங்க சொன்ன இன்னொரு விஷயத்த யாரும் பெருசா பேசல. பள்ளிக்கூடம் திறந்த ஆறே மாசத்துல அந்த இழப்புல மூணுல ரெண்டு பங்க புள்ளைங்க புடிச்சிட்டாங்க. அந்த மீட்புல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியாலன்னு கணக்கு போட்டு சொல்லியிருக்காங்க. 2021 அக்டோபர்ல மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல முதலமைச்சர் ஆரம்பிச்சி வச்ச திட்டம் அது, பாதிக்கு மேல எங்கள மாதிரி பொம்பளைங்க, டிரெய்னிங்னு பாத்தா கொஞ்சம்தான், கைல இருந்தது சாக்பீஸும் அட்டையும்தான். அதுவே அவ்ளோ செஞ்சிருக்குன்னா பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து இருக்கறதுக்கு எவ்ளோ மதிப்புன்னு பாத்துக்கோங்க. பள்ளிக்கூடத்துல முறையா பி.எட்., டி.டி.எட். முடிச்ச டீச்சருங்க செஞ்சத பத்தி தனியா சொல்லணுமா?

புது மெஷின் வந்தா டீச்சர் போயிடுவாங்கங்கறது ரொம்ப பழைய பாட்டு. 1913-லயே எடிசன் சொன்னாரு, பள்ளிக்கூடத்துல சீக்கிரமே புத்தகம் செல்லாக்காசு ஆயிடும், பத்து வருஷத்துல படிப்பே மாறிடும், எல்லாம் சினிமா மூலமாதான்னு. அப்புறம் ரேடியோ வந்துச்சி. 1975-ல நம்ம நாட்லயே அமெரிக்கா சாட்டிலைட் மூலமா ஆறு மாநிலத்துல ஏறக்குறைய 2,400 கிராமத்துக்கு டிவில பாடம் போட்டாங்க. எல்லாத்துலயும் ஏதோ ஒரு பிரயோஜனம் இருந்துச்சி, இல்லன்னு சொல்லல, ஆனா டீச்சர் எடத்துல எதுவும் வந்து உக்காரல.

சுகதா மித்ரான்னு ஒரு பேராசிரியர், 1999-ல டெல்லி கல்காஜில குடிசை பகுதி ஓரமா செவுத்துல ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் வச்சாரே, புள்ளைங்க தானா கத்துக்கிட்டாங்கன்னு உலகமே பேசுச்சே, அவர்தான். டீச்சர் வேணாம்ங்கறவங்க எல்லாரும் அவரத்தான் இழுப்பாங்க. அவரே அப்புறம் நம்ம பக்கத்துல சுனாமி அடிச்ச காளிக்குப்பத்துல தமிழ் மட்டும் தெரிஞ்ச புள்ளைங்ககிட்ட இங்கிலீஷ்ல டிஎன்ஏ பாடத்த கம்ப்யூட்டர்ல போட்டு குடுத்து பாத்தாரு. சும்மா விட்டதுல ரெண்டு மாசத்துல 100-க்கு 30 கிட்ட வந்துச்சிங்க, அது பெரிய விஷயம்தான், நம்ம புள்ளைங்க மூளைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா 30 பாஸ் மார்க் இல்லையே. அதுக்கு மேல என்ன பண்ணாருன்னா, அந்த ஊர்ல புள்ளைங்களுக்கு நல்லா பழக்கமான ஒரு இளம் பொண்ணு, கணக்கு வழக்கு பாக்கற வேலை, பயாலஜி ஒண்ணும் தெரியாது, அந்த பொண்ண கூப்பிட்டு புள்ளைங்க பின்னாடி நின்னு அட எப்படிடா கண்டுபுடிச்ச, அடுத்து என்ன, எனக்கு காட்டுன்னு கேட்டுக்கிட்டே இருக்க சொன்னாரு. இன்னும் ரெண்டு மாசத்துல 50-க்கு போயிடுச்சி. இதுல நான் பாக்கறது அந்த பொண்ணத்தான். பாடமே தெரியாம, பாசமா பின்னாடி நின்னு கேட்டதுக்கே 20 மார்க்குன்னா, பாடமும் தெரிஞ்ச ஒருத்தர் நின்னா?

பெரு நாட்ல புள்ளைக்கு ஒரு லேப்டாப்னு லட்சக்கணக்குல குடுத்தாங்க. கிராமத்து பள்ளிக்கூடங்கள் 319-ஐ எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2012-ல ரிசல்ட் சொன்னாங்க, கம்ப்யூட்டர் உபயோகிக்க தெரிஞ்சிக்கிட்டாங்க, ஆனா கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் முன்னேற்றம் எதுவும் தெரியலன்னு. பெட்டிய குடுத்தா படிப்பு வந்துடும்னு நெனச்சதோட பலன் அது.

அதுக்காக டெக்னாலஜியே ஆகாதுன்னு சொல்ற ஆள் நான் கிடையாது. டெல்லில நடந்த இன்னொரு ஆராய்ச்சியும் இருக்கு, அதுலயும் முரளிதரன் இருந்தாரு. ஸ்கூல் விட்டப்புறம் சென்டருக்கு வர்ற ஆறாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர்ல கணக்கும் இந்தியும். அந்த சாஃப்ட்வேர் என்ன பண்ணும்னா, நீ ஆறாவது படிக்கிற சரி, உனக்கு நெஜமா தெரியறது மூணாவது கணக்குதான்னு கண்டுபுடிச்சி அங்க இருந்து ஆரம்பிக்கும். இது ரொம்ப பெரிய உதவிங்க. ஒரு வகுப்புல 40 பேர் இருந்தா 40 பேரும் வேற வேற எடத்துல நிப்பாங்க, டீச்சர் எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் புத்தகத்த முடிச்சாகணும், அத்தன பேருக்கும் தனித்தனியா எறங்கி வர முடியாது. நாலரை மாசத்துலயே அங்க நல்ல பலன் தெரிஞ்சிது. ஆனா அங்கயும் 45 நிமிஷம் கம்ப்யூட்டர்னா இன்னொரு 45 நிமிஷம் பத்து பதினஞ்சி பேருக்கு ஒரு ஆள் உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க. ஆக எங்க டெக்னாலஜி ஜெயிச்சிதுன்னு சொல்றாங்களோ அங்க போய் எட்டி பாத்தா ரூம்ல ஒரு மனுஷர் இருக்காங்க. அவங்கள மட்டும் கணக்குலயே சேக்க மாட்டேங்கறாங்க.

இப்ப ஏஐ பத்தி. இதுக்கு ஆதரவா பேசறவங்க சொல்றதுல ஒரு விஷயம் என்ன ரொம்ப யோசிக்க வச்சிது. ஏஐ திட்டாது, அடிக்காது, இது கூட தெரியாதான்னு கேக்காது, நூறு தடவ கேட்டாலும் நூறு தடவயும் பொறுமையா சொல்லும்னு சொல்றாங்க. உண்மைதான். வகுப்புல எழுந்து நின்னு சந்தேகம் கேக்க கூச்சப்படற பொண்ணுங்க ராத்திரி போன்ல கேட்டு தெரிஞ்சிக்கறத நான் பாக்கறேன், அதுவும் தமிழ்லயே கேக்கறாங்க, பிளஸ் ஒன், பிளஸ் டூ புள்ளைங்களுக்கு டியூஷன் காசு இல்லாத வீட்ல அது பெரிய வரம். சாதிய பாத்து, வீட்டு நெலமைய பாத்து பின் பெஞ்சில தள்ளி வச்சி மனச ஒடைக்கிற டீச்சர் ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கத்தான் செய்யறாங்க, அந்த மாதிரி ஆள்கிட்ட மாட்டின புள்ளைக்கு மெஷினே மேல்னு தோணறதுல தப்பில்ல. அதுக்கு அந்த டீச்சர கேள்வி கேக்கணும், சரி பண்ணணும். அதுக்காக டீச்சரே வேணாம்ங்கறது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்னு, ஏஐகிட்ட கேக்கணும்னா என்ன கேக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். பிளஸ் டூ படிக்கிற புள்ளைக்கு எங்க புரியலன்னு புரியும். அந்த மூணாங்கிளாஸ் பையனுக்கு தான் போடறது தப்புன்னே தெரியாதே, அவன் போய் எதுன்னு கேப்பான்? துருக்கில ஹைஸ்கூல் புள்ளைங்க ஏறக்குறைய ஆயிரம் பேர வச்சி ஏஐய கணக்கு வகுப்புல குடுத்து பாத்திருக்காங்க. ஏஐ கூட வச்சிக்கிட்டு போட்டப்போ மார்க் சும்மா பாதிக்கு பாதி ஏறிடுச்சி. அப்புறம் அத வாங்கி வச்சிட்டு பரீட்சை வச்சா, ஏஐயே பாக்காம படிச்ச புள்ளைங்கள விட 17 சதவீதம் கம்மி. விடைய நேரா சொல்லாம துப்பு மட்டும் குடுக்கற மாதிரி டீச்சருங்க சேந்து செஞ்ச இன்னொரு ஏஐய உபயோகிச்சவங்களுக்கு அந்த சேதாரம் பெரும்பாலும் இல்ல. அந்த துப்ப எங்க எப்படி குடுக்கணும்னு எழுதி குடுத்தது யாரு? அங்கயும் டீச்சர்தான்.

பாடம் தவிர டீச்சர் செய்யற வேலை எத்தனன்னு வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாது. ஒரு பொண்ணு எப்ப பாத்தாலும் பக்கத்து நோட்ட பாத்தே எழுதுவா, காப்பி அடிக்கிறான்னு மத்த புள்ளைங்க கேலி பண்ணும். அவ போர்ட பாக்கறப்போ கண்ண சுருக்கறத பள்ளிக்கூட டீச்சர்தான் கவனிச்சி அம்மாவ கூப்பிட்டு சொல்லி, கண்ணாடி போட்டப்புறம் அவ படிப்பே வேற. எட்டாவது ஒம்பதாவது படிக்கிற பொண்ணு ரெண்டு வாரம் வரலன்னா வீட்டுக்கு போய் கதவ தட்டறது யாரு, கல்யாணத்துக்கு ஏற்பாடு நடக்குதுன்னு தெரிஞ்சா புள்ளைங்களுக்கான உதவி எண் 1098-க்கு போன் போடறது யாரு? லாகின் பண்ணலன்னு ஆப்புக்கும் தெரியும். என்ன பண்ணும், நோட்டிஃபிகேஷன் அனுப்பும்.

சரி, நெஜமான பிரச்சனைக்கு வர்றேன். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப்பள்ளில 30 புள்ளைக்கு ஒரு டீச்சர்னு சொல்லுது. ஆனா நாடு முழுக்க 2024-25 கணக்குப்படி ஒரே ஒரு டீச்சர் இருக்கற பள்ளிக்கூடம் மட்டும் 1,04,125, அதுல படிக்கிற புள்ளைங்க 33 லட்சத்துக்கும் மேல. இது மத்திய அரசோட சொந்த கணக்கு. நம்ம மாநிலத்துல கிராமத்துக்கு போனா அஞ்சி வகுப்புக்கு ரெண்டு டீச்சர்ங்கறது சாதாரணம், அதுல ஒருத்தர் டிரெய்னிங் போயிடுவாங்க, இல்ல வாக்காளர் பட்டியல் வேலைக்கு போயிடுவாங்க, மிச்சம் இருக்கறவங்க எமிஸ்னு கல்வித்துறையோட ஆன்லைன் பதிவேட்ல என்ட்ரி போடணும், வருகை போடணும், நலத்திட்டம் குடுத்த கணக்கு ஏத்தணும், நெட்வொர்க் கெடைக்கலன்னா போன தூக்கிட்டு மரத்தடிக்கு ஓடணும். டெக்னாலஜி டீச்சருக்கு உதவி பண்ணணும்னா மொதல்ல இந்த வேலையத்தான வாங்கிக்கணும்? இங்க என்னடான்னா டெக்னாலஜியே டீச்சரோட நேரத்த தின்னுட்டு இருக்கு. 2013-ல டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணிட்டு இன்னும் போஸ்டிங்குக்கு காத்துட்டு இருக்கறவங்க இருக்காங்க, 2012-ல எடுத்த பகுதி நேர டீச்சருங்க நிரந்தரம் கேட்டு சென்னைல ரோட்ல உக்காந்து உக்காந்து ஓஞ்சிட்டாங்க. பி.எட். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சவங்க கதை அதை விட மோசம். இவங்கள எடுக்க நிதி இல்லங்கற நேரத்துல ஏஐ டீச்சர்னு ஒருத்தர் விக்க வந்தா அரசாங்கத்துக்கு அது எவ்ளோ சுலபமா தெரியும்னு நெனச்சாலே எனக்கு பயமா இருக்கு.

அப்படி வந்தா எந்த புள்ளைக்கு வரும்? வருஷத்துக்கு லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கற ஸ்கூல் எதுவும் எங்ககிட்ட டீச்சர் இல்ல, டேப்லெட்தான்னு விளம்பரம் போடறதில்ல, 20 புள்ளைக்கு ஒரு டீச்சர், தனி கவனிப்புன்னுதான் போடறாங்க. பணம் இருக்கறவங்க புள்ளைக்கு டீச்சரும் கெடைக்கும் ஏஐயும் கெடைக்கும். மலை மேல ஓராசிரியர் பள்ளில அந்த ஒருத்தர் ரிடையர் ஆனப்புறம் அங்க ஸ்கிரீன மாட்டிட்டு இதுவும் டீச்சர்தான்னு சொல்லுவாங்க. படிக்கிற மொத தலைமுறை புள்ளைங்க, வீட்ல கேட்டா சொல்லித்தர ஆள் இல்லாதவங்க, யாருக்கு ஒரு மனுஷர் பக்கத்துல இருந்தே ஆகணுமோ அவங்களுக்குத்தான் அது மொதல்ல இல்லாம போகும்.

ஸ்மார்ட் போர்டு வேணும், ஹைடெக் லேப் வேணும், பள்ளிக்கல்வித்துறையோட மணற்கேணி மாதிரி பாட ஆப் இன்னும் நல்லா வரணும், பார்வை இல்லாத புள்ளைக்கு படிச்சி காட்ற சாஃப்ட்வேர் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் இருக்கணும், இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. அத இயக்கறதுக்கு வகுப்புக்கு ஒரு டீச்சர குடுத்துட்டு அப்புறம் குடுங்க.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட் வகுப்பறை திறப்பு விழா போட்டோ வாராவாரம் மாவட்டப் பக்கத்துல வருது, ரிப்பன் வெட்டறவங்க பேரெல்லாம் வரிசையா போடறீங்க. இனிமே அந்த செய்திக்கு கீழயே அந்த பள்ளிக்கூடத்துக்கு எத்தன டீச்சர் போஸ்ட் சாங்ஷன், அதுல எத்தன காலி, எப்ப இருந்து காலின்னு உங்க நிருபர்கள விட்டு கேட்டு ஒரு வரி சேத்து போடுங்க.

இப்படிக்கு,
இல்லம் தேடிக் கல்வி முன்னாள் தன்னார்வலர் ஒருவர்,
திருவண்ணாமலை மாவட்டம்